பதினாறாம் பதிப்பைப் பழசாக்கிய கதை

அறிவாழிமங்கலம் என்று ஓர் ஊர். அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம், அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

அங்கே நெல் சேமிப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் அறுவடை முடிந்ததும் தங்கள் நெல்லைச் சங்கத்துக் கிடங்கில் கொண்டுவந்து போடுவார்கள். சாப்பாட்டு நெல் அங்கேயே கிடந்து பழசாகும். பழைய நெல்லை அரைத்த அரிசிதான் குழையாமல் பொலபொலவென்று சோறாகும், அதற்குத்தான் மதிப்பு. விதைநெல்லும் அதே கிடங்கில்தான் இருக்கும், ஆனால் அது அடுத்த பருவத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். விதை பழசானால் முளைக்காது. இந்த வித்தியாசம் அந்த ஊரில் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும்.

மூட்டைகளின் மேல் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. பெயர் எழுதினால் யாரிடம் எவ்வளவு நெல் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்துவிடும் என்று முன்னொரு காலத்துத் தலைவர் யோசித்து, வெறும் எண் போட்ட அட்டையை மூட்டையில் தைத்துவிடச் சொன்னார். எந்த எண் யாருடையது, எந்த வரிசையில் கிடக்கிறது என்பதெல்லாம் சங்கத்துக் கணிப்பொறி அறையில் இருந்த சர்வருக்கு மட்டும்தான் தெரியும். சங்கத்தில் அதைப் 'பெட்டி' என்பார்கள். பெட்டிக்குள் ஒரு தரவுத்தள மென்பொருள். ஆள் பெயரைத் தட்டினால் மூட்டை இருக்கும் இடத்தைச் சொல்லும். அந்த மென்பொருள் ஒன்பதாம் பதிப்பு. அதைத் தயாரித்த கம்பெனி பதினாறாம் பதிப்புவரை போய்விட்டது. அறிவாழிமங்கலம் கூடப் போகவில்லை.

கணிப்பொறிப் பிரிவுக்குத் தலைவர் மாசிலாமணி. தங்கமான மனிதர். யார் என்ன சொன்னாலும் சொன்னபடி செய்வார். அதில் ஒரு நூல் கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். அவருக்குக் கீழே குஞ்சிதபாதம், சீனிமுத்து என்று இரண்டு பேர். மூவரும் சேர்ந்து யோசித்தால் ஒரு ஆள் யோசித்த அளவுக்கு வரும், அதுவும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருந்தால்.

பெட்டியை முதன்முதலில் வைத்துக்கொடுத்தவர் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஓடிக்கிட்டிருக்கிறதைத் தொட்டுடாதீங்க." அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் மேல் மனிதக் கை பட்டதில்லை. தூசி தட்டவில்லை, துணியால் துடைக்கவில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் நுனியில் துணி சுற்றிய மூங்கில் கழியால் எட்ட நின்று பொத்தானை அழுத்துவார்கள். பெட்டியின் காற்றோட்டத் துளையில் பல்லி முட்டையிட்டபோது, பல்லியைத் தொடலாமா என்று கூட்டம் போட்டுப் பேசி, பல்லி பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

தினமும் காலையில் திரையில் ஓர் அறிவிப்பு வரும். 'உங்கள் பதிப்பு மிகவும் பழையது. இதில் வரும் பிழைகளுக்கு இனி திருத்தம் கிடைக்காது. புதுப் பதிப்புக்கு மாறவும்.' அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று 'இப்போதே மாறு.' இன்னொன்று 'பிறகு நினைவூட்டு.' இரண்டாவது கட்டத்தை அழுத்துவதுதான் குஞ்சிதபாதத்தின் உத்தியோகம். முதலில் உதவியாளராகச் சேர்ந்தவரை, ஒரு நாள்கூடத் தவறாமல் அழுத்தியதைப் பாராட்டி மேற்பார்வையாளராக்கினார்கள்.

சீனிமுத்துவிடம் கடவுச்சொல் இருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்ததால், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டுதான் தட்டுவார். தனக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலை. பல நாள் தப்பாகப் போகும். சரியாகப் போனால் அன்றைக்கு டீ அவர் செலவு.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது பெட்டி தடுமாற ஆரம்பித்தது. ஒரு மூட்டை எங்கே என்று கேட்டால், ஒரு டீ குடித்துவிட்டு வரும்வரை பதில் சொல்லாது. சங்கத் தலைவர் கம்பெனிக்குப் போன் போட்டார். மாசி மாதத்தில் ஒரு நாள், விதைநெல் மூட்டையெல்லாம் உள்ளே வந்து சேர்ந்த சமயம், திருச்சியிலிருந்து ஜெயசீலி என்ற பொறியாளர் பஸ் பிடித்து வந்து இறங்கினார்.

ஜெயசீலி திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூங்கில் கழியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"சார், ஒன்பதாம் பதிப்பை இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கிறது நீங்க மட்டும்தான்னு நினைக்கிறேன். இது ஒரு நாள் படுத்துடும். படுத்தா எழுந்திருக்காது. பதினாறுக்கு மாறிடுங்க."

மாசிலாமணி புன்னகை செய்தார். மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து, இரண்டு பிடி அரிசியை ஜெயசீலி முன்னால் பரப்பினார்.

"மேடம், இது புது அரிசி. இது மூணு வருசம் பழசு. சோறு வடிச்சா எது குழையும்?"

"புதுசு."

"எது நிக்கும்?"

"பழசு."

"எங்க பெட்டியில இருக்கிறது பழசு மேடம். அதான் இத்தனை வருசமா நிக்குது."

குஞ்சிதபாதமும் சீனிமுத்துவும் தலையாட்டினார்கள். அண்ணன் இவ்வளவு அழகாகப் பேசுவார் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை.

ஜெயசீலி பொறுமைசாலி. வழிக்கு வரட்டும் என்று அவர்கள் பாஷையிலேயே பேசிப் பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

"சரி சார், நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. சுடச்சுட வந்ததை உடனே போடக்கூடாதுதான். பதினாறு இப்பதான் வந்திருக்கு. ஒரு ஆறு மாசம் போகட்டும், அதுல இருக்கிற குறையெல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் போட்டுக்குங்க. நான் பென் டிரைவ்ல தந்துட்டுப் போறேன். இன்னொரு பென் டிரைவ்ல உங்க தரவு முழுசையும் நகல் எடுத்துத் தர்றேன். அதை இந்த ரூம்ல வைக்காதீங்க. வெளிய, பத்திரமான இடத்துல வைங்க. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

இரண்டு பென் டிரைவையும் மேசைமேல் வைத்துவிட்டு அவர் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஆறு மாசம் பழசாகணும்னு சொல்லிட்டாங்க" என்றார் மாசிலாமணி. "எங்க வச்சுப் பழசாக்குறது?"

"நம்ம ஊர்ல எதுவா இருந்தாலும் கிடங்குலதானே அண்ணே பழசாகும்" என்றார் குஞ்சிதபாதம்.

"வெறுமனே வச்சா காஞ்சு போயிடுமே?"

"நெல்லுக்குள்ள போட்டுத் தச்சிடுவோம். பக்குவமா இருக்கும்."

"நகல்?"

"ரூமுக்கு வெளிய, பத்திரமான இடம்னு சொன்னாங்க" என்றார் சீனிமுத்து. "கிடங்கைவிடப் பத்திரமான இடம் ஜில்லாவுலயே கிடையாது. பேர்கூட எழுதறது இல்லையே."

இரண்டு மூட்டையைத் தயார் செய்து, ஒன்றில் பதினாறாம் பதிப்பையும் இன்னொன்றில் நகலையும் போட்டார்கள். கண் பட்டுவிடக் கூடாதே என்று சீனிமுத்து பதினாறுக்குக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டினார். மூட்டைகளைத் தைத்து, எண் அட்டை வைத்து, சங்க விதிப்படி பெட்டியில் பதிவும் செய்தார்கள். எந்த மூட்டை, எந்த வரிசை, உள்ளே என்ன என்று சுத்தமாகப் பதிவாயிற்று. வேலை முடிந்ததும் மாசிலாமணி வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மனைவி பெயர் கோமளவல்லி. அப்பா வழியில் வந்த நிலத்தில் தானே இறங்கிச் சாகுபடி செய்கிறவள். வீட்டுச் சோறு அந்த நிலத்திலிருந்துதான் வருகிறது, மாசிலாமணியின் சம்பளத்தில் அவருடைய வெற்றிலை பாக்கு வரும். ஒவ்வொரு வருடமும் நல்ல கதிராகப் பொறுக்கி விதைக்கென்று எடுத்துவைப்பாள். இத்தனை வருடமும் வீட்டு நெல் குதிரில் வைத்திருந்தவள், இந்த வருடம்தான் கணவர் சொன்னாரே என்று சங்கத்துக் கிடங்கில் போட்டிருந்தாள்.

"உங்க பதினாறு என்னமோ ஆகட்டும்" என்றாள். "என் விதைநெல்லு பத்திரமா இருக்கில்ல?"

"பெட்டியில இருக்கு கோமளம். என் உசுரு மாதிரி."

"உங்க உசுரு இல்லைன்னாலும் சமாளிச்சுக்கலாம். விதை இல்லைன்னா வாய்க்கால்ல தண்ணி வர்றப்போ வேடிக்கைதான் பாக்கணும்."

மாசிலாமணி இதைப் பாசத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

குறையெல்லாம் வெளியே வந்துவிடும் என்று ஜெயசீலி சொல்லியிருந்தார் அல்லவா? அதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று, சீனிமுத்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மூட்டைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் மாதம் எதுவும் வெளியே வரவில்லை. இரண்டாம் மாதம் ஓர் அந்துப்பூச்சி வந்தது. "ஒரு குறை வந்துடுச்சு அண்ணே" என்று ஓடிவந்து சொன்னார். மாசிலாமணி நேரில் வந்து பார்த்து, பூச்சியின் நிறத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆவணி பிறந்தது. ஆறு மாதம் முடிந்ததும் ஜெயசீலியே போன் செய்தார்.

"பதினாறு போட்டாச்சா சார்?"

"நல்லாப் பழசாயிடுச்சு மேடம். இனி போட வேண்டியதுதான்."

"போட்டுடுங்க. பதினேழுகூட இப்ப வந்துடுச்சு."

மாசிலாமணி போனை வைத்துவிட்டு இருவரையும் கூப்பிட்டார்.

"பதினேழு வந்துடுச்சாம்."

சீனிமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப பதினாறு?" என்றார் குஞ்சிதபாதம்.

"பழசு."

"பழசைப் போடறதுக்கா அண்ணே இத்தனை பாடு? பழசு நம்மகிட்டயே ஒண்ணு இருக்கே."

"அப்ப பதினேழைப் போடலாமா?"

"அது புதுசு. குழைஞ்சிடும். ஆறு மாசம் வைக்கணும்" என்றார் சீனிமுத்து.

"வச்சா அதுக்குள்ள பதினெட்டு வரும்."

"வந்தா பதினேழு பழசாயிடும்."

"பழசானா?"

"பழசு நம்மகிட்டயே இருக்கே."

இதில் எங்கேயும் ஓட்டை இல்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் மாசிலாமணிக்குச் சொன்னபடி செய்யாமல் மனசு கேட்கவில்லை. ஜெயசீலிக்கே போன் செய்து நிலைமையை விளக்கினார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சார், பதினாறோ பதினேழோ, எதையாவது ஒண்ணைப் போடுங்க. யாருமே பெட்டியைப் பயன்படுத்தாத நேரமாப் பார்த்துப் போடுங்க, அவ்வளவுதான்."

குஞ்சிதபாதம் உடனே பெட்டியில் நுழைந்து, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார். 'இப்போது பயன்படுத்துவோர்: ஒருவர்' என்று திரை சொன்னது.

"யாரோ ஒருத்தர் இருக்காங்க அண்ணே."

"போகட்டும். காத்திருப்போம்."

சாயங்காலம் சங்கத்தைப் பூட்டும் நேரத்தில் மறுபடி கேட்டார். ஒருவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக்கே விடுமுறை, அன்றைக்கும் வந்து கேட்டார். ஒருவர். மேசைக்கடியில் பார்த்தார்கள். கிடங்கு முழுக்கத் தேடினார்கள். அறையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குஞ்சிதபாதம் தன்னந்தனியாக உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். ஒருவர்.

"நம்ம மூணு பேருமே இல்லை" என்றார் வெளியே வந்து. "நான் மட்டும் இருந்து நல்லாப் பார்த்துட்டேன்."

"யாரா இருந்தாலும் கடுமையான உழைப்பாளி" என்றார் மாசிலாமணி. "ஞாயித்துக்கிழமைகூட லீவு எடுக்கலை பாரு. அவரை நடுவுல எழுப்பக் கூடாது. தானா முடிச்சுட்டுப் போகட்டும், அப்புறம் மூட்டையைப் பிரிக்கலாம்."

அந்த உழைப்பாளி போவதற்காக அவர்கள் காத்திருந்தார்கள். குஞ்சிதபாதம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே நுழைந்து அவர் போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த நிலையில்தான் வாய்க்காலில் தண்ணீர் விடப்போவதாக ஊரில் தண்டோரா போட்டார்கள். நாற்றங்கால் தயாராக வேண்டும், விதை ஊற வேண்டும். மறுநாள் காலையில் சங்கத்து வாசலில் டிராக்டரும் மொபெட்டும் தலைச்சுமையுமாகக் கூட்டம். எல்லோருக்கும் முன்னால் கோமளவல்லி, இடுப்பில் சொருகிய சேலையோடு.

அன்று காலைதான் பெட்டி படுத்தது. திரை இருட்டாக இருந்தது. மூங்கில் கழியால் அழுத்தினார்கள். பெட்டி முனகிக்கொண்டு எழுந்து, 'தரவுக் கோப்பு சிதைந்துவிட்டது' என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. கீழே கட்டமே இல்லை. குஞ்சிதபாதம் 'பிறகு நினைவூட்டு' எங்கே என்று திரையின் நாலு மூலையிலும் தேடினார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாசிலாமணி ஜெயசீலிக்குப் போன் செய்தார்.

"பயப்படாதீங்க சார், பத்தரை பஸ்ல கிளம்பி வர்றேன். மென்பொருள் என்கிட்ட இருக்கு. நகல்தான் உங்ககிட்ட மட்டும் இருக்கு. அதை எடுத்து வைங்க. எங்க வச்சிருக்கீங்க?"

"கிடங்குல, ஒரு மூட்டைக்குள்ள, பத்திரமா இருக்கு மேடம்."

"எந்த மூட்டை?"

"அது பெட்டியில சுத்தமா பதிவாகியிருக்கு மேடம்."

லைன் போய்விட்டதோ என்று மாசிலாமணி ஹலோ ஹலோ என்றார்.

"சார்" என்று கடைசியில் குரல் வந்தது. "எல்லா மூட்டையையும் பிரிச்சுக் கொட்டியாவது அதைத் தேடி எடுங்க."

இதில் விவாதிக்க எதுவும் இல்லை. குத்தூசியால் ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்க்கலாம் என்றார் குஞ்சிதபாதம். குத்தூசி பட்டு நகல் ஓட்டையானால் யார் பொறுப்பு என்று கேட்டார் சீனிமுத்து. தவிர, மேடம் குத்தச் சொல்லவில்லை, பிரித்துக் கொட்டத்தான் சொன்னார். அலுவலர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்று விதி இருப்பதால் வாசல் கேட்டைப் பூட்டினார்கள். சுமைதூக்கும் ஆட்களைக் கூப்பிட்டுப் பின்பக்கத்துக் களத்தில் கொட்டச் சொன்னார்கள்.

பத்து மூட்டை கொட்டுவதற்குள் நகல் கிடைத்துவிட்டது. கறுப்பு நிறத்தில், நெல்லுக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தது. சுமைதூக்குகிற ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் மாசிலாமணி.

"கிடைச்சிடுச்சே சார்."

"மேடம் எல்லா மூட்டையையும்னு சொல்லியிருக்காங்கப்பா. பாதியில நிறுத்தினா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

எல்லா மூட்டையையும் கொட்டினார்கள். சாப்பாட்டு நெல், விதைநெல், மூன்று வருடப் பழசு, போன அறுவடைப் புதுசு, குண்டு ரகம், சன்ன ரகம், எல்லாம் களத்தில் ஒரே அம்பாரமாகக் குவிந்தது. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அறிவாழிமங்கலத்தில் அவ்வளவு பெரிய அம்பாரத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. காலிச் சாக்குகளைச் சீனிமுத்து எண் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். அவர் ஒழுங்கான ஆள்.

மதியம் ஜெயசீலி வந்தார். நேராகப் போய்ப் பெட்டியை வெறுங்கையால் தொட்டார். மூவரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை, கையில் தூசிதான் ஒட்டியது.

"பதினேழைப் போட்டுடுறேன் சார்" என்றார்.

"அது வந்து எத்தனை மாசம் ஆகுது மேடம்?"

"போன மாசம்தான் வந்தது."

"அப்ப முடியாது. ஆறு மாசம்னு நீங்கதானே சொன்னீங்க."

"சரி, பதினாறு எங்க?"

மாசிலாமணி களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நகலைத் தேடச் சொல்லியிருந்தார்களே தவிர, பதினாறைத் தேடச் சொல்லவில்லை. அதனால் யாரும் தேடவில்லை. அது அம்பாரத்தில் எங்கேயோ இருந்தது.

கேட்டுக்கு வெளியே கூட்டம் கத்த ஆரம்பித்திருந்தது. யாரோ கேட்டை ஆட்டினார்கள். ஜெயசீலி பையின் அடியிலிருந்து ஒரு பழைய சி.டி.யை எடுத்து, அதே ஒன்பதாம் பதிப்பை மறுபடியும் போட்டு, நகலை ஏற்றினார். "இது இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான் சார், நாளைக்கே மாத்திடணும்" என்றார். அப்படிச் சொல்லிப் போடப்பட்டவைதான் உலகத்தில் அதிக நாள் ஓடுகின்றன, அது அவருக்கும் தெரியும்.

பெட்டி உயிர் பெற்றது. முதல் ஆளாகக் கோமளவல்லியை உள்ளே விட்டார்கள். சீனிமுத்து துண்டுக்குள்ளிருந்து கடவுச்சொல்லைத் தட்டினார். மாசிலாமணி மனைவியின் பெயரை அடித்தார். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. 'கோமளவல்லி. விதைநெல். மூன்றாம் வரிசை, சுவரோரம்.'

"பாத்தியா" என்றார் மாசிலாமணி. "டாண்ணு சொல்லிடுச்சு."

கோமளவல்லி மூன்றாம் வரிசைக்குப் போனாள். சுவரோரம் ஒரு காலிச் சாக்கு, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நெல்லு எங்கங்க?"

"பெட்டி சரியாத்தான் சொல்லுது கோமளம்" என்றார் மாசிலாமணி. "நெல்லுதான் இடம் மாறியிருக்கு."

அவளைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்பாரத்தைக் காட்டினார். அவள் குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். ஒரு வருடம் முழுக்க அவள் பொறுக்கிய விதை அதில் இரண்டு மணி இருந்தாலும் இருந்திருக்கும். திட்டுவாள் என்று எதிர்பார்த்து மாசிலாமணி தயாராக நின்றிருந்தார். அவள் திட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக, தான் ஏதோ தப்பு செய்திருக்கலாமோ என்று தோன்றியது.

வேறு வழியில்லாமல், பெட்டி சொன்ன கணக்குப்படி அவரவருக்கு எத்தனை மூட்டையோ அத்தனையை அம்பாரத்திலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். கூட்டம் சங்கத்தையும் சங்கத்துக்காரர்களின் பெற்றோர்களையும் வாழ்த்திக்கொண்டே எடுத்துப் போனது. தண்ணீர் வந்துவிட்டது, வேறு விதைக்கு எங்கே போவது?

கோமளவல்லி தன் பங்கைச் சாக்கோடு ஊறவைத்து, முளை கட்டினாள். பாதிக்குப் பாதி முளைத்தது. பழைய நெல்லெல்லாம் ஊறி உப்பிச் சும்மா கிடந்தது. தூவுகிற அன்று மாசிலாமணியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்புக்குப் போனார். பிராயச்சித்தமாக ஒரு கூடையைத் தானே தூவுகிறேன் என்றார். களத்தில் அம்பாரத்தைப் பார்த்ததிலிருந்து அவரோடு பேசாத அவள் கூடையை மட்டும் நீட்டினாள்.

மூன்றாவது பிடியில் கையிலிருந்து கொஞ்சம் நீளமான நெல் ஒன்று பறந்தது. அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு. வெயிலில் ஒரு தரம் மின்னிவிட்டு, நாற்றங்காலின் நடுவே சேற்றில் பொதக்கென்று விழுந்து மறைந்தது.

"பதினாறு" என்றார் மாசிலாமணி. சேற்றில் ஒரு காலை வைக்கப் போனார்.

"விதைச்ச இடத்துல கால் வச்சீங்கன்னா" என்றாள் கோமளவல்லி, அத்தனை நாளைக்கும் சேர்த்து, "அந்தக் காலை ஒடிச்சு அங்கேயே நட்டுடுவேன். பாதிதான் முளைச்சிருக்கு. அதுலயும் குண்டா சன்னமா, என்ன ரகம்னு கதிர் வந்தாத்தான் தெரியும். ஒரு முளைகூட மிதிபடக் கூடாது."

அவள் மறுபடி பேசிவிட்டதில் மாசிலாமணிக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், காலை எடுத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அன்று மதியமே நாற்றங்கால் வரப்பில் கூட்டம் நடந்தது. குஞ்சிதபாதம் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஒரு ராத்திரி ஊறியிருக்கு, முளை கட்டியிருக்கு, முறையாத் தூவியும் ஆச்சு" என்றார். "இதுக்கு மேல அதைத் தோண்டறது பாவம் அண்ணே."

"கிடங்குல கிடந்தா பழசாகும்" என்றார் சீனிமுத்து யோசனையோடு. "வயல்ல கிடந்தா புதுசு வரும். பதினேழு பதினெட்டுன்னு அவங்க விட்டுக்கிட்டே இருக்காங்களே, வேற எங்கேருந்து வருதுங்கறீங்க?"

இத்தனை நாளும் அவர்களை வாட்டிய சிக்கல் அந்த ஒரு வாக்கியத்தில் அவிழ்ந்துவிட்டது. இனிமேல் புதுசா பழசா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, வீட்டிலேயே விளையும். சீனிமுத்து முக்காலியைக் கிடங்கிலிருந்து வரப்புக்கு மாற்றிக்கொண்டார். குஞ்சிதபாதம் காலையில் ஆபீசில் 'பிறகு நினைவூட்டு' அழுத்திவிட்டு, வருகிற வழியில் நாற்றங்காலையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து ஜெயசீலி போன் செய்தார். மாசிலாமணி அப்போது வரப்பில்தான் நின்றிருந்தார். எதிரே நாற்று திட்டுத்திட்டாகப் பச்சை கட்டியிருந்தது.

"ஒரு நாளைக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன் சார். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. எப்ப அப்கிரேடு பண்ணப் போறீங்க?"

"அறுவடை முடிஞ்சதும் மேடம். தை மாசம்."

"சரி, தேதியாவது சொல்றீங்களே. எந்தப் பதிப்பு போடப்போறீங்க, பதினாறா பதினேழா?"

மாசிலாமணி குனிந்து ஒரு நாற்றின் தோகையைத் தடவிப் பார்த்தார்.

"அதை இப்பவே சொல்ல முடியாது மேடம்" என்றார். "கதிர் வந்தாத்தான் தெரியும்."